கையெழுத்துப் போடாதவள்

வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் மிஷின் நடவு வைக்க நினைக்கிறவர்கள், நாற்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று விசாரித்தால் சுடர்விழியின் பெயர் வரும். பாய் நாற்று நன்றாக இருக்கும், சொன்ன நாளில் கிடைக்கும் என்பார்கள். கடனுக்குத் தரமாட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அவள் வீட்டு விவகாரம் அந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரி என்கிறவர்கள் பாதி, கல்நெஞ்சுக்காரி என்கிறவர்கள் பாதி. நடந்தது இதுதான்.

சுடர்விழியின் அப்பா தங்கமணி, ஐந்து மா நிலத்தில், அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சத்தில், விவசாயம் செய்தவர். ஒரே பெண். வேளாண்மை டிப்ளமோ படிக்க வைத்தார். கல்யாணத்துக்கு நகை அதிகம் போட முடியவில்லை. அதற்கு ஈடாக, ரோட்டோரம் போர்செட்டோடு இருந்த இரண்டு மாவை மகள் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் அப்போதே முணுமுணுப்பு இருந்தது. நிலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விசேஷத்துக்குப் போக முடியுமா என்று யாரோ கேட்டார்கள். மாப்பிள்ளை பரணிதரன்தான், "அவ பேர்ல இருந்தா என்ன, எம் பேர்ல இருந்தா என்ன, விடுங்க" என்று பேச்சை முடித்து வைத்தான்.

பரணிதரன் நீடாமங்கலத்துக்காரன். பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் சேல்ஸ் ரெப். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை உள்ள உரக்கடைகள் அவன் ஏரியா. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் ஷூவுமாக வயல் வரப்பில்கூட நடப்பான். விவசாயிகள் அவனை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தன் எதிரில் இன்னொருத்தர் பணத்தை வெளியே எடுப்பதை அவனால் பார்க்க முடியாது. ஹோட்டலில் ஆறு பேர் சாப்பிட்டால் பில் வைத்த தட்டு மேஜையைத் தொடும் முன்பே அவன் கைக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அவனுக்கு வராது. கேட்க வேண்டிய ஆளைத் தூரத்தில் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

சுடர்விழி கல்யாணமாகி வந்த சில வருஷத்துக்கெல்லாம் அந்த இரண்டு மாவில் பாய் நாற்றங்கால் போட ஆரம்பித்துவிட்டாள். நடவுக்கு ஆள் கிடைக்காமல் எல்லோரும் மிஷினைத் தேட ஆரம்பித்த காலம் அது. மிஷினுக்கு வழக்கமான நாற்று ஆகாது. பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, சலித்த மண்ணும் தொழுவுரமும் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, கோரைப்பாய் போலச் சுருட்டி எடுக்கிற மாதிரி வளர்க்க வேண்டும். முதல் குறுவையில் பாதி நாற்று கருகியது. அடுத்த சம்பாவில் தேறிவிட்டாள். மகள் செம்மொழி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது வீட்டுச் செலவில் பெரும்பகுதி நாற்றிலிருந்து வந்தது. பரணிதரன் சம்பளம் எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை. வண்டித் தவணை, பெட்ரோல், அவன் அம்மாவுக்கு அனுப்புவது என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

கம்பெனியில் மாதாமாதம் டார்கெட் உண்டு. ஊரடங்கு வருஷத்தில் விற்பனை படுத்துவிட்டது. மாதக் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காக, மன்னார்குடி ரோட்டில் இருந்த ஓர் உரக்கடைக்காரர் பெயரில் சரக்கை எழுதி, பணத்தைத் தன் கிரெடிட் கார்டில் கட்டினான் பரணிதரன். விற்றதும் தந்துவிடுகிறேன் என்றார் கடைக்காரர். விற்றார். தரவில்லை. இவன் கேட்கவும் இல்லை. அடுத்த மாதமும் அதே மாதிரி. அந்தக் கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டு. அதற்கப்புறம் தெரிந்த செல்போன் கடையில் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்குவது. இப்படி நான்கு கார்டு. சுடர்விழிக்குத் தெரிந்தது ஒன்று.

வேலையும் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் முளைவிதை தூவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"பரணிதரன் வைஃப்தானே பேசுறது?"

"ஆமா. நீங்க?"

"அவர் மூணு மாசமா டியூ கட்டலை மேடம். போனும் எடுக்க மாட்டேங்கிறார். உங்க நம்பரைத்தான் ரெஃபரென்ஸா குடுத்திருக்கார். நீங்கதான் கட்டணும்."

அவள் போனை வைத்துவிட்டு, மிச்ச விதையையும் தூவி, வைக்கோல் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பரணிதரன் வெளியே போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். வேலை போனதையே அவளிடம் சொல்லாமல் ஒரு மாதமாகத் தினமும் காலையில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எத்தனை கார்டு?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். தொகையையும் சொன்னான். அவளுடைய இரண்டு மா நிலத்தை விற்றாலும் முழுசாக அடையாது.

"எவ்வளவு நாளா இது?"

"மூணு வருஷம் இருக்கும் சுடரு."

சுடர்விழி அழவில்லை. அந்த மூன்று வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக் கும்பகோணத்தில் புடவை எடுக்கப் போனதை நினைத்துக்கொண்டாள். அவள் குறைந்த விலையில் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். இவன்தான் அதைத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் ஒரு புடவையா" என்று விலை கூடினதை எடுத்துக் கொடுத்தான். அந்தப் புடவை பீரோவில் இருக்கிறது. கடன் வாங்கியதைவிட, அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சிரித்தானே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதன்பின் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வசூல் ஏஜென்சியிலிருந்து வந்தவன் பெயர் பகலவன். கும்பகோணத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். முதல் தடவை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினான். இரண்டாம் தடவை துணைக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு நேரே நாற்றங்காலுக்கே வந்துவிட்டான். நாற்று எடுக்க டிராக்டரோடு வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. உங்க வீட்டுக்காரர் கடனுக்கு நானும் பொறுப்பேத்துக்கிறேன்னு ஒரு பேப்பர். அதைக் குடுத்தீங்கன்னா டைம் வாங்கித் தரேன்."

"நான் எதுக்குத் தம்பி பொறுப்பேத்துக்கணும்?"

"என்னக்கா, நீங்க அவருக்கு மனைவிதானே?"

"கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பேர் பேரும் போட்டிருந்துச்சு. கார்டுல அவங்க பேரு மட்டும்தானே போட்டிருக்கு?"

டிராக்டர்காரர் சிரித்துவிட்டார். பகலவனுக்கு முகம் சிவந்தது. குரலை உயர்த்தினான்.

"வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கே, அது எந்தக் காசுல வந்தது? வாஷிங் மிஷின்? அனுபவிக்கிறப்ப மட்டும் புருஷன், கட்டுறப்ப வேறயா?"

சுடர்விழி கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, எடுத்துட்டுப் போங்க. உள்ள இருக்கிற பாலையும் காய்கறியையும் எறக்கி வச்சுக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"அதெல்லாம் நாங்க எடுக்க முடியாதுக்கா."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

அவன் போய்விட்டான். வார்த்தை மட்டும் போகவில்லை. அனுபவிக்கிறபோது புருஷன் என்று சொன்னானே, அதை நாற்று வாங்க வந்தவர்களும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவள் டவுன் பஸ் பிடித்துக் கும்பகோணம் போனாள். டிப்ளமோவில் கூடப் படித்த தோழி ஒருத்தி, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வக்கீல் அனுராதாவைச் சொல்லியிருந்தாள்.

அனுராதா அதிகம் பேசுகிறவர் இல்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்டார். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா, சேர்ந்து விண்ணப்பித்தீர்களா, எதிலாவது உங்கள் பேர் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் சுடர்விழி.

"அப்ப உங்ககிட்ட கேக்க அவங்களுக்கு உரிமை இல்லைம்மா. பொண்டாட்டிங்கிறதுக்காக புருஷன் கார்டு கடன் உங்க தலையில விழாது. அவர் பேர்ல சொத்து இருந்தா கோர்ட் மூலமா அதுல கை வைக்கலாம். உங்க அப்பா உங்களுக்கு எழுதிக் குடுத்த நிலம் உங்களுது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இரக்கப்பட்டோ பயந்தோ அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா, அன்னையிலேருந்து அது உங்க கடன்."

"எங்க வீட்டுக்காரரை என்ன மேடம் செய்வாங்க? போலீஸ்..."

"செக் ஏதும் குடுக்கலையே? அப்ப கட்ட முடியலைங்கிறதுக்காக ஜெயில்ல போட மாட்டாங்க. கேஸ் போடுவாங்க. மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தா பேசிக் குறைச்சுத் தவணை வாங்கலாம். ஆனா அவர் வரணும். ஓடி ஒளிஞ்சா வட்டிதான் ஏறும். அப்புறம், உங்க நாற்றங்கால்ல வந்து நாலு பேர் முன்னால சத்தம் போடுறதுக்கு அவங்களுக்கு அனுமதி கிடையாது. அதுக்கு ஒரு புகார் நான் அனுப்புறேன்."

சுடர்விழி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "சட்டப்படி இல்லைங்கிறீங்க. வேற விதத்துல நான் பொறுப்பா மேடம்?"

அனுராதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது எங்கிட்ட கேக்குற கேள்வி இல்லைம்மா" என்றார்.

புகார் போனதும் ஆட்கள் வருவது நின்றது. ஆனால் போன் வேறு பக்கம் திரும்பியது. பரணிதரனின் அண்ணன் நடராசன், நீடாமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எங்கிருந்தோ அவர் நம்பரைப் பிடித்து, கடையில் கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு வைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு. தம்பியின் கடன் கடைக்கு வந்தவர்கள் காதிலெல்லாம் விழுந்தது. ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிற மனிதருக்கு அது பெரிய அடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். தங்கமணியையும் வரச் சொல்லியிருந்தார். பரணிதரன் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த மாதங்களில் அவன் இளைத்துப்போயிருந்தான்.

"பார்ட்டி தயாரா இருக்கு" என்று ஆரம்பித்தார் நடராசன். "ரோட்டோர நிலம், நல்ல விலைக்குப் போகும். வித்து, பேசி முடிச்சு விட்டுட்டா மானம் மிஞ்சும். மீதி ஏதாவது விழுந்தா நான் பாத்துக்கிறேன்."

"நிலத்தை விக்கிறதா இல்ல அத்தான்" என்றாள் சுடர்விழி.

"அப்ப எம் தம்பி தூக்குல தொங்கவா?"

"அவங்க தொங்க மாட்டாங்க. நான் சோறு போடுறேன். துணிமணி எடுத்துத் தரேன். புள்ளைய நான் படிக்க வைக்கிறேன். கடன் அவங்களுது, அவங்க சம்பாதிச்சுக் கட்டட்டும். நிலத்தை வித்துட்டா மூணு பேரும் எதைத் தின்னுறது?"

"பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

"எம் பேச்சு இதுதான்."

நடராசன் எழுந்து நின்றுவிட்டார். "உம் புருஷன் கடன் உனக்கு வேணாம். சரி. உங்க அப்பா நெஞ்சுல ஸ்டென்ட்டு இருக்கே, அது யார் காசுல வச்சதுன்னு கேட்டியா?"

"அண்ணே, அதப் பேசாத" என்று பரணிதரன் பதறிக்கொண்டு எழுந்தான். அன்றைய தினம் அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"ஏன் பேசக் கூடாது? கார்டைத் தேய்ச்சுத்தானே கட்டுன? எங்கிட்டதானே வந்து சொன்ன?"

தங்கமணி மருமகனைப் பார்த்தார். சுடர்விழியும் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நடராசன் செருப்பை மாட்டிக்கொண்டு, சமைத்து வைத்ததைச் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. தங்கமணிக்கு வயலில் நெஞ்சுவலி வந்து விழுந்தபோது, பரணிதரன்தான் கார் பிடித்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். செலவு எப்படி என்று கேட்ட சுடர்விழியிடம், கம்பெனியில் மாமனார் மாமியாருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறது என்றான். அவள் நம்பினாள். அப்படிப்பட்ட கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

தங்கமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "இருக்கிற மூணு மாவை நான் வித்துடுறேன். மாப்ள எனக்காகப் பட்ட கடன். நான்தான் குடுக்கணும்."

"நீங்க ஒண்ணும் விக்க வேணாம்ப்பா. சாப்பிடுங்க" என்றாள். அவர் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

பிறகு சில நாள் அவள் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தாள், செம்மொழிக்கு டிபன் கட்டினாள், வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது. மனசுக்குள்தான் ஒன்றும் ஓடவில்லை. புருஷன் மீது கோபம் இரண்டாகப் பெருகியிருந்தது. கெட்டதை மறைத்தான் என்று ஒரு கோபம். நல்லதையும் மறைத்தான் என்று இன்னொரு கோபம். இத்தனை மாதமாக அவள் அவனை எத்தனை விதமாகப் பேசியிருப்பாள். உங்க அப்பாவுக்குக் கட்டினேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாயடைத்துப் போயிருப்பாள். அவன் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, நாற்றங்காலில் ஷீட் விரிக்க அவன் கூட வந்தபோது கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ வேணாம்னிருப்ப."

"ஆமா. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். அங்கேயும்தான் வைக்கிறாங்க. இலவசமா."

"அவரு கார்ல என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்தாரு சுடரு. தஞ்சாவூருக்குள்ள எது முதல்ல வந்துச்சோ அங்க போயிட்டேன். யோசிக்கத் தோணலை."

"சரி. இப்ப, அத்தான் சொல்ற வரைக்கும் ஏன் சொல்லலை? நான் அவ்வளவு பேசுனேனே?"

அவன் ஷீட்டின் ஓரத்தை மண் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னான்: "சொன்னா, உன்னைக் கட்ட வைக்கிறதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்."

அன்று மாலை அவள் தன் முடிவைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய அசலை அவள் தருவாள். நாற்றுப் பணத்திலிருந்து, இரண்டு போகத்தில். பாங்க்காரர்களிடம் அல்ல, அவன் கணக்கில் போடுவாள். அதன் மீது ஏறிய வட்டியைத் தரமாட்டாள். "வட்டி நீங்க மறைச்சதுக்கு" என்றாள். மற்றது எதிலும் ஒரு ரூபாய் தரமாட்டாள், எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடமாட்டாள். பரணிதரன் அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். "இது உங்களுக்கு இல்ல. எங்க அப்பாவுக்கு" என்று அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். அனுராதாவிடம் சொன்னபோது, அவசியமே இல்லை என்றார் அவர். தெரியும் மேடம் என்றாள்.

அந்தச் சம்பாவில் ஒரு நடவு மிஷினை அவள் வாடகைக்கு எடுத்தாள். நாற்றையும் கொடுத்து நடவும் வைத்துக் கொடுத்தால் லாபம் கூடும். ஓட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. பரணிதரன் கற்றுக்கொள்கிறேன் என்றான். மற்ற டிரைவர்களுக்கு என்ன கூலியோ அதைத் தருவதாகச் சொன்னாள், அதேபோல் சாயங்காலம் கையில் கொடுத்தாள். புருஷனுக்கே கூலி கொடுக்கிறவள் என்று பேர் வந்தது அப்போதுதான். அவன் அதிலிருந்துதான் வக்கீல் சொன்னபடி பாங்க்குக்காகத் தனியாக ஒதுக்கி வைத்தான்.

முதல் சில நாள் அவனுக்கு நரகம். இவன் ஷூ போட்டு நடந்த வரப்புகளில் இப்போது முழங்கால் சேற்றோடு ஏறி இறங்கினான். சார் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினார்கள். சிலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மிஷின் வரிசை கோணியது. ஒரு வாரம் போனது. பிறகு வரிசை நேரானது. கூப்பிடுகிறவர்களும் பழகிக்கொண்டார்கள்.

குறுவை அறுத்த வயலில் மறுபடி நடுகிற தாளடி நேரத்தில் ஓர் ஆர்டர் வந்தது. மன்னார்குடி ரோட்டு உரக்கடைக்காரர், தன் ஆறு ஏக்கருக்கு நாற்றும் நடவும் கேட்டுப் போன் செய்தார். பரணிதரனின் கார்டில் சரக்கு எடுத்துப் பணம் தராதவர் இவர்தான். சுடர்விழி முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டாள். வயலுக்குக் கிளம்பும்போது பரணிதரன் தயங்கி நின்றான்.

"நீயே ஒரு வார்த்தை கேளேன், அந்தப் பழைய பாக்கிய. உனக்குத்தான் பேச வரும்."

"அது உங்க பாக்கி. கேக்குறதும் உங்க வேலை" என்றாள்.

நடவு முடிந்து கடைசிச் சுற்று வந்தபோது கடைக்காரர் வரப்பில் குடையோடு நின்றார். பரணிதரன் மிஷினை நிறுத்தினான். அவன் கேட்ட விதத்தை அங்கே நாற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அவன் கத்தவில்லை. "அண்ணே, எங்கிட்ட நீங்க வாங்குன சரக்குக்கு இன்னும் என் தலையில வட்டி ஏறிக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொல்லி, பதிலுக்காக மிஷின் மேலேயே உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் அப்புறம் பார்க்கலாம் என்றார். இவன் இறங்கவில்லை, போகவும் இல்லை. அவர் மழை வரும் போலிருக்கிறது என்றார். இவன் ஆமாம் என்றான். கடைசியில் அவர் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் தரவும் செய்தார். மீதிப் பாதி இன்றுவரை வரவில்லை. ஆனால் தன் பணத்தை வாய் திறந்து கேட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். சுடர்விழி கேட்டுக்கொண்டே அவன் குளிக்கச் சுடுதண்ணீர் விளாவினாள்.

மக்கள் நீதிமன்றம் ஒரு சனிக்கிழமை கும்பகோணத்தில் நடந்தது. அனுராதா வந்திருந்தார். சுடர்விழி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டிய கட்டாயம் இல்லை, இருந்தாலும் வந்தாள். பாங்க் தரப்பில் வந்தவர்கள் வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளினார்கள். தவணை பேசி முடிந்தது. எழுதிக்கொண்டிருந்த பாங்க் அதிகாரி, நல்லவிதமாகவே, தலையைத் தூக்கிக் கேட்டார்.

"வைஃப் வந்திருக்காங்க போலிருக்கே? அவங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எங்களுக்கு ஒரு தைரியம்."

அனுராதா பேச வாயெடுத்தார். அதற்குள் பரணிதரன் சொன்னான்: "அவங்க போட மாட்டாங்க சார். போடவும் வேணாம். கடன் என்னோடது."

அப்படிச் சொல்லச் சொல்லி அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகாரி தோளைக் குலுக்கிக்கொண்டு காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்துப் போட்டான். சுடர்விழிக்கு அப்போது பெருமையா சந்தோஷமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதி வந்தது. வெளியே வந்ததும் காபி குடிக்கலாம் என்றாள். குடித்தார்கள். பில்லை அவள் எடுத்தாள், அவன் விட்டுவிட்டான்.

சொன்னபடி ஆஸ்பத்திரிப் பணத்தை இரண்டு போகத்தில் அவள் அவன் கணக்கில் போட்டாள். மற்ற தவணைகளை அவன் கூலியிலிருந்தும், கடைக்காரரிடம் வாங்கியதிலிருந்தும், தன் மோட்டார் சைக்கிளை விற்றும் கட்டினான். நடுவில் ஒரு போகம் மழையில் மூழ்கி நடவே இல்லாமல் போனது. அந்த மாதங்களில் தவணை தவறியது. அவன் தானே பாங்க்குக்குப் போய் உட்கார்ந்து தேதி வாங்கி வந்தான். அவள் உதவவில்லை. உதவ வேண்டும் என்று தோன்றாமலும் இல்லை. ஒரு நாள் பீரோவைத் திறந்து வளையலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததாக அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள்.

தங்கமணிக்கு மட்டும் மருமகன் பக்கம்தான் நியாயம் என்று இன்றுவரை எண்ணம். மகளிடம் சொல்லமாட்டார். அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியை மருமகன் பெயர் சொல்லித் தனியாக அனுப்புவார். நடராசன் ஒரு வருஷம் போல வீட்டு வாசலை மிதிக்கவில்லை. செம்மொழி பெரியவளான விசேஷத்துக்கு வந்தார், சீர்வரிசை வைத்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சுடர்விழியிடம் அவர் பேசியது, சாம்பார் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

கடைசித் தவணை கட்டி முடிந்தது போன வருஷம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. இந்தக் குறுவைக்கு முன்னால் பரணிதரனுக்கு விதைக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. திருச்சியில் வேலை, சம்பளம் பரவாயில்லை. போகலாமா என்று அவளைக் கேட்டான்.

"உங்களுக்குப் போகணும்னு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப போங்க. அங்கேயும் கார்டு தருவாங்க, டார்கெட்டு வைப்பாங்க. நான் வந்து பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"தெரியும்" என்றான் அவன்.

புருஷனை இப்போது நம்புகிறீர்களா என்று அவளைக் கேட்டால் நேராகப் பதில் வராது. சாதாரணமாக இருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மிஷினை இப்போது அஸார் என்கிற பக்கத்து ஊர் டிரைவர் ஓட்டுகிறார். நடவு மும்முரமாகும் நாட்களில் பரணிதரன் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு கை கொடுக்கிறான், வாடிக்கைக் கூலியும் வாங்கிக்கொள்கிறான். சனிக்கிழமை வருவான். திங்கட்கிழமை காலையில் அவள் தன் ஸ்கூட்டியில் அவனைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவாள். பஸ் வரும்வரை செம்மொழியின் பிளஸ் ஒன் அட்மிஷனைப் பற்றி, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பார்கள். பஸ் வந்ததும் அவன் ஏறிக்கொள்வான். அன்றைய நாற்றுக்கு ஆட்கள் வந்து காத்திருப்பார்கள் என்பதால் அவள் வண்டியைத் திருப்பிவிடுவாள்.